நீதிமன்ற உத்தரவும் நூறு ரூபாய் அபராதமும்

மணவாழ்க்கை முறிந்து பிரியும் கணவனும் மனைவியும் நகை, சீர்வரிசை, வீடு, ஜீவனாம்சம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரு நாளில் கணக்கு முடித்துக்கொள்ள முடியும். குழந்தை விஷயத்தில் மட்டும் அது இயலாது. குழந்தைக்கு 18 வயது நிறையும் வரை இருவரும் ஏதோ ஒரு வகையில் ஒருவரை ஒருவர் சார்ந்தே இருக்க வேண்டியுள்ளது. அதற்காகத்தான் குடும்பநல நீதிமன்றங்கள் விரிவாக உத்தரவு எழுதுகின்றன. குழந்தை தாயிடம் வளரும். மாதத்தின் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை தந்தையுடன் இருக்கும். கோடை விடுமுறையில் பாதி நாள்கள் தந்தை வீட்டில் கழியும் என்பது போன்ற நிபந்தனைகள் அதில் இடம்பெறும். பெரும்பாலும் சமரச மையத்தில் அமர்ந்து இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவைதாம் இவை.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. இரண்டாம் மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று தகவல் வருகிறது. மூன்றாம் மாதம் தேர்வு. நான்காம் மாதம் போய் நின்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சில வழக்குகளில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: விடுமுறைக்கென்று குழந்தையை அழைத்துச் சென்ற தந்தை, பள்ளி திறந்த பிறகும் திருப்பி அனுப்ப மறுக்கிறார். வேறு ஊரில் பள்ளியில் சேர்த்துவிட்டதாகத் தாய்க்குப் பிறகுதான் தெரியவருகிறது. சந்திக்கும் உரிமையை வாதாடிப் பெற்றுக்கொண்டு, ஒரு சனிக்கிழமைகூட வராமல் குழந்தையை வாசலில் காக்கவைக்கும் பெற்றோரும் உண்டு.

நீதிமன்றம் சொன்னதை ஒருவர் செய்யவில்லை என்றால் அடுத்து என்ன நடக்கும்? நிலத் தகராறு என்றால் விடை எளிது. தீர்ப்பை நிறைவேற்ற அமீனா வருவார். தேவைப்பட்டால் காவல்துறை துணைக்கு வரும். பூட்டை உடைத்தாவது நிலத்தையோ வீட்டையோ உரியவரிடம் ஒப்படைப்பார்கள். கடன் பாக்கி என்றால் ஜப்தி உண்டு. குழந்தை விஷயத்தில் இப்படி நேரான விடை எதுவும் நமது சட்டப் புத்தகத்தில் இல்லை. இருப்பவை எல்லாம் வேறு காரியங்களுக்காக எழுதப்பட்டு, இதற்கும் பயன்படுத்தப்படும் பிரிவுகள். உத்தரவு பெறுவதற்கு வழி உண்டு, அதைச் செயல்படுத்துவதற்கு வழியில்லை என்பதுதான் இன்றைய குடும்பநலச் சட்டங்களின் பெருங்குறை. இக்குறை நாடாளுமன்றத்துக்குத் தெரியாததும் அல்ல.

1890ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியாவில் குழந்தையின் பொறுப்பு யாரிடம் என்பதைத் தீர்மானிக்கும் அடிப்படைச் சட்டம், ஆங்கிலேயர் காலத்தில், 1890ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பாதுகாவலர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமும் உண்டு என்றாலும், நடைமுறை விதிகளுக்கும் தண்டனைக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாட வேண்டியுள்ளது.

அதன் 45ஆவது பிரிவைப் படித்துப் பார்ப்பவர்கள் வியப்படைவர். நீதிமன்றத்தில் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்தும்படி உத்தரவிட்டும் அவ்வாறு செய்யாதவருக்கு அப்பிரிவு விதிக்கும் அபராதம் நூறு ரூபாய்க்கு மிகாத தொகை. தொடர்ந்து மறுத்தால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வரை. ஆனால், மொத்தத்தில் அது ஐந்நூறு ரூபாயைத் தாண்டக் கூடாது. குழந்தையைக் கொண்டுவர ஒப்புக்கொள்ளும் வரை சிவில் சிறையில் வைக்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது என்பது உண்மை. ஆனால், நூறு ரூபாய்க்கும் சிறைக்கும் இடையில் வேறு எந்தப் படியும் இல்லை. முதலாவது யாரையும் அச்சுறுத்தாது. இரண்டாவதைப் பயன்படுத்த எந்த நீதிபதிக்கும் மனம் வராது.

அதே சட்டத்தின் 25ஆவது பிரிவு இன்னும் வேதனையானது. பாதுகாவலரின் பொறுப்பிலிருந்து விலகிய அல்லது விலக்கப்பட்ட குழந்தையைத் திரும்ப ஒப்படைக்க, அந்தக் குழந்தையையே கைது செய்ய நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது அது. உத்தரவை மீறிய பெரியவருக்கு நூறு ரூபாய் அபராதம், எந்தத் தவறும் செய்யாத குழந்தைக்குக் கைது என்பது விக்டோரியா மகாராணி காலத்துச் சிந்தனை. பிரிந்து வாழும் பெற்றோர் இருவரோடும் குழந்தை மாறி மாறி இருக்கும் என்ற கருத்தே அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றியதில்லை. ஆகவே 'சந்திக்கும் உரிமை' என்ற சொல்லே அதில் இல்லை.

இந்தச் சட்டத்தில் நாடாளுமன்றம் கைவைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டில் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டத்தின் மூலம் இதன் 19ஆவது பிரிவு மாற்றப்பட்டு, தந்தையுடன் தாயின் பெயரும் சேர்க்கப்பட்டது. வரவேற்கத்தக்க திருத்தம்தான். ஆனால், அதே புத்தகத்தைத் திறந்தவர்கள் 45ஆவது பிரிவு வரை பக்கத்தைப் புரட்டவில்லை. இதே நாடாளுமன்றம்தான் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, தலைக்கவசம் அணியாததற்கான அபராதத்தை நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. நூறு ரூபாய்க்கு யாரும் அஞ்சுவதில்லை என்று அப்போது கூறப்பட்ட காரணம் சரியானதே. தலைக்கவசத்துக்குப் பொருந்திய அந்த நியாயம் குழந்தைக்குப் பொருந்தாதா?

நான்கு கதவுகள், நான்கிலும் தடை

உத்தரவு மீறப்பட்டவர் இன்று தட்டக்கூடிய கதவுகள் நான்கு.

முதலாவது, நிறைவேற்றுதல் மனு. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், 1984இன் 18ஆவது பிரிவின்படி, அந்த நீதிமன்றத்தின் உத்தரவுகளை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் நிறைவேற்றலாம். நடைமுறையில் கையாளப்படுவது அதன் 21ஆவது கட்டளையின் 32ஆவது விதி. வேண்டுமென்றே உத்தரவுக்குப் பணியாதவரின் சொத்தை ஜப்தி செய்யவோ அவரைச் சிவில் சிறையில் வைக்கவோ அது வழிசெய்கிறது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற மறுப்பவரையும் தடையாணையை மீறுபவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. மீறல் 'வேண்டுமென்றே' நடந்தது என்று மனுதாரர் மெய்ப்பிக்க வேண்டும். எதிர்த்தரப்பு மருத்துவச் சான்றிதழையும் பள்ளியின் தேர்வு அட்டவணையையும் தாக்கல் செய்யும். அறிவிப்பு, பதில் மனு, வாய்தா என்று நகர்ந்து ஒரு மீறலுக்கான மனு விசாரணைக்கு வருவதற்குள் மேலும் பல சனிக்கிழமைகள் கழிந்துவிடும். ஜப்தி செய்தாலும் ஜப்தியாவது குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணமாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, நீதிமன்ற அவமதிப்பு வழக்கு. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்கு அளித்த உறுதிமொழியை மீறுவதும் சிவில் அவமதிப்பு. ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். கீழமை நீதிமன்றத்தை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கே உரியது. ராமநாதபுரத்திலோ ராய்ச்சூரிலோ உத்தரவு பெற்றவர் மதுரைக்கோ கலபுரகிக்கோ செல்ல வேண்டும். ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்கப்படாவிட்டால் காலக்கெடு முடிந்துவிடும்.

மூன்றாவது, ஆள்கொணர்வு மனு. பெற்றோரில் ஒருவர் குழந்தையைச் சட்ட விரோதமாக வைத்திருந்தால் இம்மனு ஏற்கத்தக்கதே என உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவுபடுத்தியது. குழந்தையைத் தூக்கிச் சென்றுவிட்ட வழக்குகளில் இதுவே விரைவான வழி. ஆனால், மாதம் இருமுறை சந்திக்க விடாமல் தடுப்பதற்கு இது மருந்தாகாது.

நான்காவது, காவல் நிலையம். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'இது உங்கள் குடும்பப் பிரச்னை, நீதிமன்றத்துக்குப் போங்கள்' என்பதுதான். பெற்ற தந்தை மீதோ தாய் மீதோ கடத்தல் வழக்குப் பதிவு செய்தால் அது நிற்பதும் அரிது. ஏனெனில், சட்டப்படி அவரும் ஒரு பாதுகாவலரே. நீதிமன்றத்திலிருந்து வந்தவரிடம்தான் காவலர் 'நீதிமன்றத்துக்குப் போங்கள்' என்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த நான்கிலும் பொதுவான ஒரு குறை உண்டு. மீறியவரை என்ன செய்வது என்பதையே நான்கும் பேசுகின்றன. குழந்தை இழந்த நாள்களை எப்படித் திருப்பித் தருவது என்பதை எதுவும் பேசவில்லை. பெரியவர்களுக்கு ஆறு மாதம் என்பது இரண்டு வாய்தாக்களுக்கு இடைப்பட்ட காலம். மூன்று வயதுக் குழந்தைக்கோ அது முகமே மறந்துபோகப் போதுமான காலம். வழக்கு முடிந்து வந்து நிற்கும் தந்தையையோ தாயையோ பார்த்து அக்குழந்தை பயந்து அழும்போது, 'குழந்தையே வர மறுக்கிறது' என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது அதில் பொய் இருக்காது. தாமதம் உண்டாக்கிய நிலையே அடுத்த தாமதத்துக்குக் காரணமாகிவிடுகிறது. உத்தரவை மீறியவர் தம் மீறலின் பலனைத் தாமே அனுபவிக்கிறார்.

உச்ச நீதிமன்றம் சொன்னவை

உச்ச நீதிமன்றம் இதை உணராமல் இல்லை. குழந்தைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்பதையும், சம்மதத்தின்பேரில் பிறப்பிக்கப்பட்டதாயினும் பொறுப்பு உத்தரவை மாற்றியமைக்கலாம் என்பதையும், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் 1973ஆம் ஆண்டிலேயே அது கூறியது. இரண்டு வயது நிறையும் முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ எட்டு வயது வரை தந்தையிடமே வளர்ந்த ஒரு சிறுமியின் வழக்கு 2017இல் அதன்முன் வந்தது. சிறுமி தந்தையோடு இருக்கவே விரும்பினாள். தாயோடு வாழ்ந்து பார்க்கும் வாய்ப்பே கிடைக்காத குழந்தையின் விருப்பத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது என்று கருதிய நீதிமன்றம், தாயிடம் ஒப்படைப்பதை உறுதி செய்தது. ஒருவர் மற்றவர்மீது வெறுப்பைக் குழந்தையின் மனத்தில் ஊட்டும் போக்கையும் அத்தீர்ப்பு விரிவாக ஆராய்ந்தது.

2020 ஜனவரியில் நீதிபதி தீபக் குப்தா, நீதிபதி அனிருத்த போஸ் அடங்கிய அமர்வு இன்னும் ஒருபடி மேலே சென்றது. இரு பெற்றோரின் அன்பும் குழந்தையின் அடிப்படை மனித உரிமை என்றது. சந்திக்கும் உரிமையின் தன்மை, முறை, விவரம் அனைத்தையும் நீதிமன்றங்கள் தெளிவாக வரையறுக்க வேண்டும் என்றும், தொலைதூரத்தில் இருப்பவருக்குத் தொலைபேசி, காணொலி வழியே பேசும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் கூறியது.

மீறியவரைத் தண்டித்த வழக்கும் உண்டு. பெற்றோர் இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் பதிவு செய்தது. மகன் இந்தியாவில் படிப்பான், ஆண்டுக்கு ஒரு மாதம் தந்தையுடன் வெளிநாட்டில் கழிப்பான் என்பது ஏற்பாடு. அடுத்த மாதமே மகனை அழைத்துச் சென்ற தந்தை, சொன்ன நாளில் திருப்பிக் கொண்டுவரவில்லை. 2023 மே மாதம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அவரை இந்தியாவுக்குக் கொண்டுவர எல்லா நடவடிக்கைகளும் எடுக்கும்படி மத்திய அரசுக்கும் உத்தரவிடப்பட்டது. குழந்தைகளை நாடு கடத்திச் செல்வது பற்றிய 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால், எல்லை தாண்டிய வழக்குகளில் இத்தகைய உத்தரவுகளும் எளிதில் கரை சேர்வதில்லை.

25 லட்சம் என்பது உச்ச நீதிமன்றம் தனக்கே உரிய அரசமைப்பு அதிகாரத்தால் விதிக்கக்கூடிய தொகை. மாவட்டத் தலைநகரில் இயங்கும் குடும்பநல நீதிமன்றத்தின் கையில் இருப்பதோ 1890ஆம் ஆண்டின் நூறு ரூபாய். தில்லி வரை வந்து வழக்கறிஞர் அமர்த்தி வாதாட முடிந்தவருக்கு ஒரு நீதி, தினக்கூலியை விட்டுவிட்டு மாதந்தோறும் நீதிமன்ற வாசலில் நிற்பவருக்கு வேறு நீதி என்று ஆகிவிடக் கூடாது.

கடுமை மட்டுமே தீர்வா?

அப்படியானால் தண்டனையைக் கூட்டிவிட்டால் போதுமா? இங்கேதான் நிதானம் தேவை. மீறும் தாயைச் சிறைக்கு அனுப்பினால் அன்றிரவு குழந்தைக்குச் சோறூட்டுவது யார்? மீறும் தந்தை வேலையை இழந்தால் ஜீவனாம்சம் எங்கிருந்து வரும்? நீதிபதிகள் தயங்குவதற்குக் காரணம் அசட்டை அன்று. தண்டனை குழந்தையின் தலையிலேயே விழும் என்ற அச்சமே.

இதைவிட முக்கியமான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மகளிர் அமைப்புகள் தொடர்ந்து எழுப்பி வருகின்றன. எல்லா மீறல்களும் பழிவாங்கும் நோக்கில் நடப்பவை அல்ல. அடி உதைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண், அதே மனிதர் வாசலுக்கு வந்து நிற்கும்போது கதவைத் திறக்க அஞ்சுவது இயல்பு. சந்திப்பு என்ற பெயரில் அவளைப் பின்தொடரவும் மிரட்டவும் முயல்வோர் இல்லாமல் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, சந்திப்பு குழந்தைக்குத் தீங்காகும் எனக் கருதினால் அதை மறுக்க நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் அளித்திருப்பது இதனால்தான். அந்தப் பாதுகாப்பு ஒரு துளியும் குறையக் கூடாது.

ஆனால், அஞ்சுபவர் செய்ய வேண்டியது நீதிமன்றத்தில் சொல்லி உத்தரவை மாற்றிக்கொள்வதே. அவ்வாறு சொன்னால் ஒரு வாரத்துக்குள் கேட்கப்படும் என்ற நம்பிக்கையை நீதிமன்றம் தர வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாததால்தான் அஞ்சுபவர் கதவை மூடிக்கொள்கிறார். அடாவடி செய்பவரும் கதவை மூடிக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. விரைவான விசாரணை இருந்தால் மட்டுமே இவ்விருவரையும் பிரித்தறிய முடியும். எனவே, செயல்படுத்தும் முறையை வலுப்படுத்துவது பெண்களுக்கு எதிரானது என்ற வாதமும், எல்லாத் தாய்மார்களும் குழந்தையை ஆயுதமாக்குகிறார்கள் என்ற வாதமும் ஒருசேரத் தவறு.

ஜீவனாம்சத்தையும் சந்திப்பையும் முடிச்சுப் போடும் வழக்கத்துக்கும் முடிவு கட்ட வேண்டும். பணம் தரவில்லை, ஆகவே குழந்தையைக் காட்ட மாட்டேன் என்பதும், குழந்தையைக் காட்டவில்லை, ஆகவே பணம் தர மாட்டேன் என்பதும் குழந்தையின் இரண்டு உரிமைகளை ஒன்றுக்கொன்று பணயமாக்குவது. ஜீவனாம்ச பாக்கிக்குச் சிறைத் தண்டனை விதிக்கும் தெளிவான நடைமுறை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்தது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவிலும் அது தொடர்கிறது. அது இருக்க வேண்டியதே. சந்திப்புக்கும் அதைப் போன்ற தனியான, தெளிவான நடைமுறை வேண்டும் என்பதே கோரிக்கை.

தூசி படிந்த அறிக்கைகள்

நாடாளுமன்றத்துக்கு இவை புதிய செய்திகள் அல்ல. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்து சட்ட ஆணையம் தனது 83ஆவது அறிக்கையை அளித்தது 1980இல். 1989இல் 133ஆவது அறிக்கை வந்தது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் 2015 மே மாதம் அளித்த 257ஆவது அறிக்கை இவற்றுள் மிகவும் முழுமையானது. குழந்தைப் பொறுப்பு, பராமரிப்பு, சந்திப்பு ஆகியவற்றுக்கென்றே தனி அத்தியாயத்தை 1890ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று கூறி, திருத்த மசோதாவின் வாசகத்தையே எழுதிக் கொடுத்தது அந்த ஆணையம். கூட்டுப் பொறுப்பு, சமரசம், தாத்தா பாட்டியைச் சந்திப்பது வரை அதில் இடம்பெற்றன.

2022 ஆகஸ்டில், சுஷில் குமார் மோடி தலைமையிலான சட்டம், நீதித் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, பாதுகாவலர் மற்றும் தத்தெடுப்புச் சட்டங்கள் பற்றிய 118ஆவது அறிக்கையை அவையில் வைத்தது. தாயையும் தந்தையையும் சம நிலையில் இயற்கைப் பாதுகாவலராகக் கருத வேண்டும், குழந்தையின் நலனுக்கு உகந்ததாயின் கூட்டுப் பொறுப்புக்கு வழிசெய்ய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கலந்து அமர்ந்த குழு அது. ஆனால், நிலைக்குழு அறிக்கைகள் மேஜையில் வைக்கப்படும் நாளில் அவையில் வேறு அமளி நடந்துகொண்டிருக்கும். மறுநாள் நாளேடுகளில் அவற்றுக்குக் கிடைப்பது இரண்டு பத்தி. அதன் பின் அவை நூலக அலமாரிக்குச் சென்றுவிடும்.

குடும்பச் சட்டம் என்றதும் அரசியல் கட்சிகளின் பேச்சு பொது சிவில் சட்டத்துக்குத் தாவிவிடுவதும் ஒரு காரணம். ஆதரிப்போர் அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எதிர்ப்போர் எந்தத் திருத்தத்தையும் அதன் முன்னோட்டமாகச் சந்தேகிக்கிறார்கள். இந்த இழுபறிக்கும் 1890ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் தொடர்பே இல்லை. அது ஏற்கெனவே எல்லா மதத்தினரும் நாடும் பொதுச் சட்டம். அதில் உத்தரவுகளைச் செயல்படுத்தும் முறையைச் சீர்செய்வதால் எந்த மதத்தினரின் தனிச் சட்டமும் பாதிக்கப்படாது. அரசியல் சண்டை இல்லாமல் நிறைவேற்றக்கூடிய மிகச் சில குடும்பநலத் திருத்தங்களில் இதுவும் ஒன்று.

செய்யக்கூடியவை

பிற நாடுகளின் அனுபவம் நமக்கு உதவும். பிரிட்டனில் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தில் பின்னர் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, நியாயமான காரணமின்றிச் சந்திப்பைத் தடுப்பவருக்கு 40 முதல் 200 மணி நேரம் வரை ஊதியமில்லாப் பொதுப்பணி விதிக்கலாம். பயணச் சீட்டு, விடுதிக் கட்டணம் என்று மற்றவருக்கு ஏற்பட்ட பண இழப்பை ஈடுசெய்யவும் உத்தரவிடலாம். ஆஸ்திரேலியச் சட்டம், இழந்த நாள்களுக்கு ஈடான நாள்களைத் திருப்பித் தரும் உத்தரவுக்கு வழிசெய்கிறது. அந்நாடுகளிலும் எல்லாம் சுமுகமாக நடக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஆனால், அபராதத்துக்கும் சிறைக்கும் இடையில் பல படிகள் இருக்க முடியும் என்பதை அவை காட்டுகின்றன.

நமது சட்டத்தில் முதலில் வர வேண்டியது ஈட்டு நாள். தவறிய ஒவ்வொரு சந்திப்புக்கும் ஈடான நாள், தனி மனு எதுவும் இல்லாமலேயே, உத்தரவின் பகுதியாகக் கிடைக்க வேண்டும். அடுத்து, மீறல் பற்றிய மனுவை 30 நாள்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்ற காலக்கெடு. ஒவ்வொரு மீறலுக்கும் புதிய வழக்கு என்ற நிலை மாறி, உத்தரவு பிறப்பித்த நீதிபதியே அதைக் கண்காணிக்க வேண்டும். மருத்துவம், தேர்வு, வெளியூர்ப் பயணம் ஆகியவற்றுக்கு என்ன செய்வது என்பது உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும். பாதிச் சண்டை அதில் ஓய்ந்துவிடும்.

மீறல் தொடர்ந்தால் முதலில் ஆலோசகரிடம் அனுப்பலாம். பிறகு செலவுத் தொகை, வருமானத்துக்கு ஏற்ற அபராதம் என்று படிப்படியாக உயரலாம். அனைத்தும் பயனற்றுப்போனால், குழந்தையின் பொறுப்பை மற்றவருக்கு மாற்றுவது பற்றிப் பரிசீலிக்கலாம். சிறை என்பது குழந்தையை மறைத்து வைப்பவருக்கும் நாடு கடத்துபவருக்கும் மட்டுமே உரியதாக இருக்கட்டும். சந்திக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டு வராமல் இருப்பவருக்கும் இதே படிகள் பொருந்த வேண்டும், அதுவும் மீறலே. வன்முறைக் குற்றச்சாட்டு உள்ள வழக்குகளில் சந்திப்பு கண்காணிப்புடன் நடக்கட்டும். அதற்கென நீதிமன்ற வளாகத்துக்கு வெளியே, விளையாட்டுப் பொருள்களும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் உள்ள மையங்கள் மாவட்டந்தோறும் வேண்டும். வழக்கறிஞர்களும் காவலர்களும் நடமாடும் தாழ்வாரத்தில் தந்தையையோ தாயையோ சந்திக்கும் குழந்தை, அந்தச் சந்திப்பையே தண்டனையாக எண்ணத் தொடங்கிவிடும்.

இவற்றுக்கெல்லாம் தில்லியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதும் இல்லை. திருமணம், விவாகரத்து, இளவர் ஆகிய பொருள்கள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் ஐந்தாவதாக உள்ளன. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் மாநிலங்களே திருத்தம் கொண்டுவர முடியும். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க இந்துத் திருமணச் சட்டத்தில் 1967இல் 7ஏ பிரிவைச் சேர்த்தது தமிழக சட்டப்பேரவை. பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் பங்குரிமை வழங்கி 1989இல் அது செய்த திருத்தத்தின் வழியிலேயே 2005இல் நாடாளுமன்றமும் சென்றது. அந்த மரபுக்கு இது ஏற்ற வேலை. சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல், குடும்பநல நீதிமன்றங்கள் சட்டத்தின் 21ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றங்களே விதிகள் வகுத்து, காலக்கெடுவையும் ஈட்டு நாளையும் நடைமுறைக்குக் கொண்டுவர முயலலாம்.

குழந்தைகளுக்கு வாக்குரிமை இல்லை. அவர்கள் சார்பில் தர்ணா நடத்தவும், அவையில் அமளி செய்யவும் யாரும் இல்லை. ஆகவே இந்தத் திருத்தம் எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. 2015ஆம் ஆண்டின் சட்ட ஆணைய அறிக்கையும் 2022ஆம் ஆண்டின் நிலைக்குழு அறிக்கையும் அலமாரியில் தயாராக உள்ளன. மசோதாவின் வாசகமும் எழுதப்பட்டுள்ளது. அவற்றில் சொல்லப்பட்டதோடு, உத்தரவைச் செயல்படுத்தும் அத்தியாயம் ஒன்றையும் சேர்த்து அவையில் கொண்டுவருவதற்குச் சட்ட அமைச்சகத்துக்குத் தேவைப்படுவது சில வார வேலை. அதுவரை, நீதிமன்றம் எழுதிக் கொடுத்த சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருக்கும். அவற்றை மீறியவருக்கு ஆகும் அதிகபட்சச் செலவு, பெரும்பாலான வழக்குகளில், நூறு ரூபாயாகவே இருக்கும்.